வெள்ளையா, வெளிறியதா? லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டின் நிறம் பார்க்கப் பழகுவது

மே மாதக் கடைசி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பைன் காடு. காய்ந்த ஊசியிலைகள் மெத்தை போலக் கிடந்த சரிவில், தரையோடு ஒட்டிய இரண்டு அகன்ற இலைகளுக்கு நடுவிலிருந்து ஒற்றைத் தண்டு எழுந்து, நுனியில் ஒரே ஒரு பூவைத் தாங்கி நின்றது. பை போல உப்பிய அதன் கீழிதழ், பாலில் துளி பச்சை கலந்தாற்போல வெளுத்திருந்தது. அந்த இனத்தின் வழக்கமான நிறம் இளஞ்சிவப்பு. அப்படியானால் இது அரிய வெள்ளைப் பூவேதான் என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டு வந்தேன். ஐந்து நாள் கழித்து மறுபடி அந்த வழியாகப் போனேன். அதே தண்டு, அதே பூ. நல்ல இளஞ்சிவப்பு.

நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான் விரிந்திருந்த பூ. அந்த இனத்தில் பூ விரியும்போது வெளிறித்தான் இருக்கும். நிறம் ஏறுவதற்குச் சில நாள் பிடிக்கும். இது தெரியாமல் நிறத்தைப் பற்றி எழுதினால் எழுதியது எல்லாமே தவறாகிவிடும் என்று அன்றைக்குப் புரிந்தது. காட்டில் லேடீஸ் ஸ்லிப்பரைப் பார்த்து, “இது ஏன் வேறு நிறத்தில் இருக்கிறது?” என்று கேட்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் கண்ணில் முதலில் படுகிற பெரிய பையில் இருக்காது. அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன இடங்களில்தான் இருக்கும்.

லேடீஸ் ஸ்லிப்பர் என்பது சிப்ரிபீடியம் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஆர்க்கிட்டுகளுக்கான பொதுப்பெயர். ஏறத்தாழ 50 இனங்கள், எல்லாமே வட அரைக்கோளத்தில்: வட அமெரிக்கா, ஐரோப்பா, சைபீரியா, சீனா, ஜப்பான், இமயமலை. கீழிதழ் பெண்கள் அணியும் செருப்பைப் போல இருப்பதால் இந்தப் பெயர். லின்னேயஸ் வைத்த லத்தீன் பெயரின் முன்பாதியும் சைப்ரஸ் தீவின் காதல் தேவதையைத்தான் குறிக்கிறது. குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே எதுவும் இருக்காது. வசந்தத்தில் நிலத்தடித் தண்டிலிருந்து புதிதாக முளைக்கும்.

பூவை ஆறு துண்டாகப் பார்ப்பது

“மஞ்சள் பூ”, “ரோஸ் பூ” என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்தப் பூவுக்கு அது போதாது. மேலே கூரை போல ஒரு புல்லிதழ். கீழே, பைக்குப் பின்னால் மறைந்தாற்போல இன்னொன்று. பெரும்பாலான இனங்களில் இரண்டு புல்லிதழ்கள் ஒட்டி ஒன்றானதுதான் அது. இடதும் வலதுமாகக் கை நீட்டினாற்போல இரண்டு அல்லிதழ்கள், சில இனங்களில் ரிப்பன் போல முறுக்கிக்கொண்டிருக்கும். நடுவில் பை. ஆறாவதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை: பையின் வாய்க்கு மேலே சின்னக் கேடயம் போல ஒரு துண்டு. அது மலட்டு மகரந்தத்தாள். இங்கே கேடயம் என்றே சொல்கிறேன். நகக்கண் அளவுதான் இருக்கும், ஆனால் நிறம் பற்றிய விசாரணையில் முக்கியமான சாட்சி அதுதான்.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறம் உண்டு, ஒன்று மாறினால் மற்றதும் மாற வேண்டும் என்றில்லை. மினசோட்டாவின் மாநில மலரான சிப்ரிபீடியம் ரெஜினேயில் புல்லிதழும் அல்லிதழும் எப்போதும் வெள்ளை. பை மட்டும் இளஞ்சிவப்பு. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள கல்சியோலஸில் பை மஞ்சள், மற்ற இதழ்கள் பழுப்புச் சிவப்பு. ஆக, “நிறம் மாறியிருக்கிறது” என்று சொல்லும்போது எந்தத் துண்டில் மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று நிறமிகள்

இந்தப் பூக்களின் நிறங்களை மூன்று நிறமிகளை வைத்தே கிட்டத்தட்ட முழுவதும் விளக்கிவிடலாம். இளஞ்சிவப்பு, ஊதா, பழுப்புச் சிவப்பு ஆகியவற்றைத் தருவது ஆந்தோசயனின்; செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் கரைந்திருக்கும். மஞ்சளைத் தருவது கரோட்டினாய்டு. அது செல்லின் வேறொரு பகுதியில், நுண்ணிய மணிகளுக்குள் இருக்கும். பச்சை, பச்சையத்திலிருந்து வருவது.

இந்த மூன்றும் தனித்தனி வழிகளில் உருவாகின்றன. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆந்தோசயனின் உருவாகப் பல நொதிகள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். நடுவில் ஒரு நொதி பழுதானாலோ, அந்த வரிசையையே முடுக்கிவிடும் மரபணு அணைந்து கிடந்தாலோ, சிவப்பு வகை நிறம் எதுவும் வராது. அப்போது மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒன்றும் ஆவதில்லை.

மஞ்சள் லேடீஸ் ஸ்லிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆந்தோசயனின் இல்லாத செடி எப்படி இருக்கும்? வெள்ளையாக இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பை அதே மஞ்சளில்தான் இருக்கும். மாறுவது மற்றவை: பழுப்புச் சிவப்பாக இருக்க வேண்டிய பக்க இதழ்கள் தெளிந்த மஞ்சள் பச்சையாகிவிடும், பையின் உட்புறத்தில் இருக்க வேண்டிய செம்புள்ளிகள் காணாமல் போகும், கேடயத்தில் இருக்கும் புள்ளிகளும் போய்விடும். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதையும் “அல்பா” என்றே சொல்வார்கள். அல்பா என்றால் லத்தீனில் வெள்ளை. சொல்லை மட்டும் நம்பிப் போனவர்கள் அந்தச் செடியைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போய்விடுவார்கள்.

அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: நிறம் எங்கே இருக்கிறது என்று தேடுவதோடு நிறுத்தாதீர்கள், எங்கே இல்லாமல் போயிருக்கிறது என்று தேடுங்கள்.

முதலில் இனம், அப்புறம் நிறம்

புதிதாகப் பார்ப்பவர்கள் “வெள்ளை வகை” என்று காட்டும் பூக்களில் பல, இயல்பிலேயே வெள்ளையான இனங்கள். வட அமெரிக்கப் புல்வெளிகளிலும் சதுப்புகளிலும் வளரும் கேண்டிடம் இனத்தின் சின்னப் பை வெள்ளைதான். மேற்கு மலைகளில் வளரும் மொன்டானத்தின் பையும் வெள்ளை. பக்க இதழ்கள் பழுப்பு ஊதா. இவற்றில் எந்த நிற மாற்றமும் இல்லை. அவற்றின் இயல்பே அப்படி. கென்டக்கியென்சே என்ற பெரிய பூவின் பை தந்த நிறத்திலிருந்து வெளிர்மஞ்சள் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதைப் பார்த்து வெளிறிப்போன மஞ்சள் இனம் என்று எழுதினால் இனத்தையே தவறவிட்டதாகும்.

ஆகவே நிறத்தை ஒரு நிமிடம் மறந்துவிட்டு வடிவத்தைப் பாருங்கள். இலைகள் இரண்டும் தரையோடு இருந்து, பூத்தண்டில் இலையே இல்லாமல், பையின் முன்பக்கத்தில் வட்டமான வாய்க்குப் பதிலாக மேலிருந்து கீழாக ஒரு நீளப் பிளவு இருந்தால் அது அகௌலே. என் பைன் காட்டுப் பூ அதுதான். தண்டு முழுக்க மயிர் அடர்ந்த இலைகளோடு முழங்காலுக்கு மேல் வளர்ந்து, அகன்ற வெள்ளை இதழ்களோடு இருந்தால் ரெஜினே. (அந்த மயிர் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும், தொட வேண்டாம்.) பை கீழ்நோக்கிக் கூம்பி ஆட்டுக்கிடாயின் முகம் போல இருந்தால் அரியெட்டினம். இலை, பையின் வாய், இதழின் முறுக்கு ஆகியவை வெயிலாலும் வயதாலும் மாறுவதில்லை. நிறம் மாறும்.

வயதும் வெளிச்சமும் செய்யும் வேலை

அகௌலே பூ விரிந்த முதல் நாட்களில் வெளிறியிருக்கும் என்று சொன்னேன். மறுமுனையிலும் இதேபோல்தான். பல நாள் நின்று வாடத் தொடங்கும் பூவில் நிறம் மங்கும், ஓரம் பழுப்பேறும். நடுவில் உள்ள சில நாட்களில்தான் பூ தன் முழு நிறத்தில் இருக்கிறது. இடத்துக்கு இடமும் வேறுபாடு வரும். பொதுவாகச் செடிகளில் குளிர்ந்த இரவும் நல்ல வெளிச்சமும் ஆந்தோசயனினைக் கூட்டும், வெப்பம் குறைக்கும். அதனால் ஒரே காட்டில், மரங்கள் விலகிய திறப்பில் நிற்கும் பூ அடர்சிவப்பாகவும் இருண்ட நிழலில் நிற்பது வெளிறியும் இருந்தால் உடனே இரண்டு வகை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நம் கண்ணையே வெளிச்சம் ஏமாற்றும். இலைக்கூரைக்கு அடியில் வரும் வெளிச்சம் பச்சை கலந்தது. அதில் வெள்ளைப் பூ பச்சையாகத் தெரியும், வெளிர் ரோஸ் சாம்பல் போலத் தெரியும். கேமராவில் இன்னும் மோசம். இருட்டான காட்டுத்தரைக்கு ஏற்ப அது வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதால், பையில் வெளிர் இளஞ்சிவப்பு இருந்தாலும் படத்தில் வெள்ளையாக விழும். பூவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். படத்தை மட்டும் வைத்து “அரிய வெள்ளை” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

உண்மையான வெள்ளையை உறுதி செய்வது

அகௌலேயில் உண்மையான வெள்ளை வடிவம் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர், மெயின் போன்ற வடகிழக்குப் பகுதிகளில் இளஞ்சிவப்புப் பூக்களுக்கு நடுவே அவ்வப்போது தென்படும். அதற்கும் வெளிறிய சாதாரணப் பூவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காண ஒரு கைலென்ஸ் போதும்.

பையின் மேற்பரப்பில் நரம்புகள் வலை போல ஓடும். சாதாரணப் பூவில் அந்த நரம்புகள் பையைவிட அடர்ந்த ரோஸ் நிறம். பூ எவ்வளவு வெளிறியிருந்தாலும் நரம்பில் நிறம் எஞ்சியிருக்கும்; முன்பக்கப் பிளவின் மடிந்த ஓரத்திலும் ஒரு சாயல் தங்கியிருக்கும். உண்மையான வெள்ளையில் நரம்பும் வெள்ளை. அடுத்து பக்க இதழ்களைப் பாருங்கள். முதிர்ந்த சாதாரணப் பூவில் அவை பச்சையும் பழுப்பு ஊதாவும் கலந்து அழுக்கேறியது போல இருக்கும். அந்தப் பழுப்பு ஊதா ஆந்தோசயனின் தருவது. வெள்ளை வடிவத்தில் அது இல்லாததால், அடியில் இருந்த மஞ்சள் பச்சை கழுவி விட்டாற்போலத் துலங்கும். பையைவிட இந்தப் பக்க இதழ்களையே நான் அதிகம் நம்புகிறேன். பை வெயிலில் வெளுக்கலாம், வயதில் மங்கலாம். ஆனால் பூ முழுவதும் ஒரே நேரத்தில் சிவப்பை இழந்திருந்தால் அது மரபணு சொல்லும் கதை.

மூன்றாவது சோதனைக்குப் பொறுமை வேண்டும்: ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போவது. முடிந்தால் அடுத்த ஆண்டும். மரபணுவால் வந்த வெள்ளை ஆண்டுக்காண்டு அதே செடியில் அப்படியே வரும். வானிலையால் வந்த வெளிறல் அப்படி வராது.

ரெஜினேயில் பை வெள்ளையாக இருந்தால் கேடயத்தைப் பாருங்கள். சாதாரணப் பூவில் அங்கே மஞ்சளோடு செம்புள்ளிகள் இருக்கும். முழு வெள்ளை வடிவத்தில் அந்தச் சிவப்பு இருக்காது. பை வெள்ளை, கேடயத்தில் செம்புள்ளி அப்படியே என்றால் வெளிறிய பூவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, எண்ணிக்கை. ரெஜினேயும் மஞ்சள் இனங்களும் நிலத்தடித் தண்டு கிளைத்துக் கொத்தாக வளரும். ஒரே கொத்தில் பத்துத் தண்டுகளும் வெள்ளையாக இருந்தால் பத்து வெள்ளைச் செடிகள் என்று எழுதக் கூடாது. அது ஒரே செடி.

இரண்டு இனங்கள் கலக்கும் இடம்

கேண்டிடமும் மஞ்சள் பார்விஃப்ளோரமும் பக்கத்துப் பக்கத்தில் வளரும் இடங்களில் பை பாலாடை நிறத்தில், பக்க இதழ்கள் பழுப்புக் கோடுகளோடு இருக்கும் பூக்கள் தென்படும். வெளிறிய மஞ்சள் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அவை கலப்பினங்கள். ஆண்ட்ரூசியை என்ற பெயரே அந்தக் கலப்புக்கு உண்டு. அளவும் பார்த்தால் இரண்டு பெற்றோருக்கும் நடுவில் இருக்கும். சுற்றிலும் பார்த்து இரண்டு இனங்களும் அருகில் இருக்கின்றனவா என்று தேடுவதுதான் நல்ல துப்பு.

இதைவிடப் பெரிய கூத்து யூரேசியாவில். மஞ்சள் பை கொண்ட கல்சியோலஸும் ரோஸ் ஊதா நிற மக்ராந்தோஸும் கலந்து பிறக்கும் வென்ட்ரிகோசத்தில் வெள்ளை, பாலாடை, மஞ்சளோடிய ரோஸ், அடர்ந்த ஒயின் சிவப்பு என்று அத்தனை நிறமும் வரும். கலப்பினம் மறுபடி பெற்றோருடன் கலந்து, அதன் சந்ததி இன்னும் கலந்து, ஒரே புல்வெளியில் இரண்டு பூ ஒத்துப்போகாத நிலை. அந்தப் பூக்களை ஒவ்வொன்றாகப் பெயரிட முயல்வதைவிட, “இங்கே கலப்பு நடக்கிறது” என்று எழுதிவிட்டு வரிசையாகப் படம் எடுத்து வைப்பதே உருப்படியான வேலை.

மஞ்சள் பார்விஃப்ளோரத்துக்குள்ளேயே பல வகைகள் உண்டு. வடக்கில் வளரும் சின்னப் பூ வகையில் பக்க இதழ்கள் அடர்ந்த செம்பழுப்பு, மணமும் தூக்கலாக இருக்கும். பெரிய பூ வகையில் அவை பச்சை கலந்த மஞ்சளில் பழுப்புக் கீற்றுகளாகவோ புள்ளிகளாகவோ இருக்கும். நடுவாந்தரப் பூக்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இவற்றை ஐரோப்பியக் கல்சியோலஸின் வகைகளாகவே நூல்களில் எழுதி வந்தார்கள். மினசோட்டா 1893-இல் கல்சியோலஸைத் தன் மலராகத் தேர்ந்தெடுத்து, அது தங்கள் மண்ணிலேயே இல்லை என்று தெரிந்து 1902-இல் ரெஜினேக்கு மாற்றிக்கொண்டது.

வடிவமா, வகையா?

தாவரவியலில் “ஃபார்மா” என்றால் வடிவம்: சாதாரணச் செடிகளுக்கு நடுவே ஆங்காங்கே தலைகாட்டும் மாற்றம். அகௌலேயின் வெள்ளை வடிவத்துக்கு அல்பிஃப்ளோரம் என்று பெயர், அதாவது வெள்ளைப் பூ. ரெஜினேயின் வெள்ளை வடிவத்துக்கு அல்போலாபியம், வெள்ளை உதடு. ஏன் அங்கே பூ, இங்கே உதடு? ரெஜினேயில் மற்ற இதழ்கள் ஏற்கெனவே வெள்ளைதானே. இதழ்களில் மாறியது உதடாகிய பை மட்டும். பெயர் வைத்தவர் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார்.

ஒரு பகுதியின் செடிகள் கூட்டமாகவே வேறுபட்டிருந்தால் அதை “வகை” என்று வைப்பது வழக்கம். ஜப்பானின் ஹொக்கைடோவுக்கு அருகில் ரெபுன் என்றொரு தீவு. மக்ராந்தோஸ் வேறு இடங்களில் ரோஸ் ஊதாவாகப் பூக்கும். அந்தத் தீவில் பாலாடை மஞ்சளாகப் பூக்கிறது. அதனால் ரெபுனென்சே என்ற தனி வகையாக வைத்திருக்கிறார்கள். ரோஸ் கூட்டத்தின் நடுவே பூக்கும் ஒற்றை வெள்ளையையும் ரெபுன் தீவின் பாலாடைக் கூட்டத்தையும் ஒரே பெயரில் போட முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இப்படி நிறம் மாறினால் தேனீக்கள் வராமல் போகாதா என்று கேட்பார்கள். இந்தப் பூக்கள் தேனே தருவதில்லை. பூச்சியை ஏமாற்றித்தான் உள்ளே இழுக்கின்றன. அகௌலேயின் பிளவு வழியாக நுழையும் பருத்த பம்பிள் தேனீ வந்த வழியே திரும்ப முடியாமல், பின்புறத் துளை வழியாக, முதலில் சூலகமுடியையும் பிறகு மகரந்தத்தையும் உரசிக்கொண்டு வெளியேறும். ஏமாந்த தேனீ சீக்கிரம் பாடம் கற்றுக்கொள்ளும். அதே ஏமாற்று வேலை செய்யும் வேறொரு ஐரோப்பிய ஆர்க்கிட்டான டாக்டிலோரைசா சாம்புசினாவில் மஞ்சளும் ஊதாவும் கலந்தே வளரும். 2001-இல் வெளிவந்த சோதனை ஒன்றில், எண்ணிக்கையில் குறைவாக இருந்த நிறத்துக்கே பலன் அதிகமாக இருந்தது: ஒரு நிறத்தில் ஏமாந்த பூச்சி அடுத்ததாக மற்ற நிறத்தை நாடுகிறது. லேடீஸ் ஸ்லிப்பருக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் அரிய நிறம் என்றாலே பலவீனம் என்று எண்ணுவதை இது கேள்விக்குள்ளாக்குகிறது.

குறிப்பெடுப்பது

என் குறிப்பேட்டில் இப்போது ஒரு பூவுக்கு இப்படி எழுதுகிறேன்: “மேல் புல்லிதழ் மஞ்சள் பச்சை, அடியில் பழுப்புக் கோடு. பக்க இதழ்கள் அப்படியே, இடது இதழில் பழுப்பு கூடுதல். பை வெளியே வெளிர் ரோஸ், நரம்பு அடர் ரோஸ். விரிந்து மூன்று நாள் இருக்கும். பகல் வெளிச்சம், மேகமூட்டம்.” ரோஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த ஆண்டு எனக்கே அது பயன்படாது.

படம் எடுக்கக் குனியும்போது கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். பக்கத்தில் இன்னும் பூக்காத இளஞ்செடிகள் இருக்கக்கூடும். இவற்றின் விதை தூசு போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். ரெஜினே முதல் பூ பூக்க 16 ஆண்டு வரைகூட ஆகலாம். அரிய நிறம் என்று தோண்டி எடுத்துப் போனால் அந்தப் பூஞ்சையும் மண்ணும் கூட வராது, செடி பெரும்பாலும் செத்துவிடும். மினசோட்டாவில் 1925 முதலே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பிரிட்டனில் கல்சியோலஸ் 1917-இல் அழிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டு, 1930-இல் யார்க்‌ஷயரில் ஒற்றைச் செடியாக மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. சேகரிப்பவர்களின் ஆசைதான் அதை அந்த நிலைக்குக் கொண்டுபோனதில் பெரும்பங்கு. எனவே வெள்ளைப் பூ கிடைத்தால் படத்தைக் காட்டுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். போன் படத்தோடு சேர்ந்தே இடக்குறிப்பும் போகும், அதை நீக்கிவிடுங்கள்.

அடுத்த ஆண்டு ஜூன் முதல் வாரம் அதே பைன் சரிவின் மறுபக்கத்தில் இன்னொரு வெளுத்த பூவைப் பார்த்தேன். பக்க இதழ்கள் பழுப்பே இல்லாத இளம்பச்சை. தரையில் படுத்து லென்ஸை வைத்துப் பிளவின் ஓரத்தைப் பார்த்தேன். நரம்புகளையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தேன். எழுதவில்லை. எட்டு நாள் கழித்துப் போய் மறுபடி பார்த்தேன். நரம்பில் ஒரு கீற்றுகூடச் சிவப்பு இல்லை. அப்புறம்தான் குறிப்பேட்டைத் திறந்தேன்.